யார் இந்த 'ரயில்வே பிஷப்'? நீராவி இன்ஜின்களைத் துரத்திய எரிக் ட்ரேசியின் கதை

சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷனை வந்தே பாரத் கடக்கும் சில நொடிகளுக்குள் மொபைலில் இருபது படம் எடுத்துவிடலாம். ஒன்று சொதப்பினாலும் பத்தொன்பது மிச்சம். எரிக் ட்ரேசிக்கு அந்த வசதி இல்லை. கண்ணாடித் தகடு போட்ட கேமரா. ஒரு ரயிலுக்கு ஒரே ஷாட். இன்ஜின் எந்த இடத்துக்கு வரும்போது கிளிக் செய்ய வேண்டும் என்று முன்பே முடிவுசெய்து, அங்கே ஃபோகஸ் வைத்துக் காத்திருக்க வேண்டும். தவறவிட்டால், அடுத்த தகட்டை மாட்டுவதற்குள் கடைசிப் பெட்டியும் போயிருக்கும்.

1907-ல் லண்டனில் பிறந்த ட்ரேசி, தொழில்முறை புகைப்படக்காரர் இல்லை. ஆங்கிலிகன் திருச்சபைப் பாதிரியார். 1930-களில் லிவர்பூல் நகரின் எட்ஜ் ஹில் பகுதியில் அவருக்கு ஊழியம். பக்கத்திலேயே பெரிய இன்ஜின் ஷெட்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் லைம் ஸ்ட்ரீட் ஸ்டேஷன். வெளியே வரும் ரயில்கள், பாறையைக் குடைந்த ஆழமான பள்ளத்துக்குள், 93 அடிக்கு 1 அடி உயரும் ஏற்றத்தில் ஏறியாக வேண்டும். நின்ற இடத்திலிருந்தே மூச்சைப் பிடித்து இழுக்கும் இன்ஜின், குபுகுபுவெனப் புகை. படமெடுப்பவருக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் புகை சும்மா அமையாது. ஃபயர்மேன் கரியை அள்ளிப் போடும் விதத்தில் இருக்கிறது. ட்ரேசி ஷெட்டுக்குள் போய்ப் பேசுவார், பழகுவார். தெரிந்த டிரைவர்கள் அவருக்காகவே புகையைக் கூட்டிக் கொடுத்ததும் உண்டு. அவருடைய படங்களின் பாதி ரகசியம் இந்த நட்புதான்.

இரண்டாம் உலகப் போரில் ராணுவ மதகுரு, பிறகு யார்க்‌ஷயரில் பணி, 1961-ல் பிஷப். ஒரு பக்கம் பதவி ஏற ஏற, மறுபக்கம் அவர் நேசித்த இன்ஜின்கள் உடைப்புக்குப் போய்க்கொண்டிருந்தன. 1948-ல் பிரிட்டிஷ் ரயில்வேயிடம் சுமார் 20,000 நீராவி இன்ஜின்கள் இருந்தன. 1955-ல் டீசல், மின்சாரத்துக்கு மாறும் திட்டம் வந்தது. 1960-ல் கடைசி இன்ஜினான 'ஈவ்னிங் ஸ்டார்' தயாரானது. 1968 ஆகஸ்ட் 11-ல், முக்கியப் பாதைகளில் எல்லாமே முடிந்துவிட்டது. (நம்மூர் சித்தரஞ்சன் ஆலையில் 1972 வரை நீராவி இன்ஜின் செய்துகொண்டிருந்தார்கள்!) அதே 1968-ல்தான் ட்ரேசி வேக்ஃபீல்டு பிஷப் ஆனார்.

ஒரு குறை சொல்லலாம். அவர் கண் பெரும்பாலும் பளபளக்கும் எக்ஸ்பிரஸ் இன்ஜின்கள் மீதுதான். ஷெட் மூலையில் துருப்பிடித்துக் கிடந்தவற்றைப் பார்க்க வேறு ஆட்களின் படங்களைத் தேட வேண்டும். ஆனாலும் 12,000-க்கும் மேற்பட்ட அவரது படங்கள், யார்க் நகரின் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் உள்ள பல இன்ஜின்கள் இன்று இரும்பாகக்கூட மிச்சமில்லை.

1976-ல் ஓய்வு. 1978 மே 13 அன்று ஆப்பிள்பி ஸ்டேஷனில், ஒரு சிறப்பு ரயிலைப் படமெடுக்கக் காத்திருந்தார். அதை இழுத்து வந்தது அந்த 'ஈவ்னிங் ஸ்டார்' இன்ஜின்தான். ரயில் வருவதற்குள் பிளாட்பாரத்திலேயே மாரடைப்பில் இறந்துபோனார். வயது 70. பாதுகாக்கப்பட்ட 5428 எண் நீராவி இன்ஜின் ஒன்றில் இப்போது அவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது.