கத்தியின்றி உள்ளே பார்க்கக் கணக்குப் போட்டவர்

நாகர்கோவில் பக்கம் ஒரு வீடு. மத்தியானச் சாப்பாட்டு நேரம். பெரியவர் இலை முன் உட்கார்ந்திருக்கிறார். பிசைந்த சோறு திடீரென்று கையிலிருந்து நழுவி விழுகிறது. ஏதோ சொல்ல வாயெடுக்கிறார். நாக்கு குழறுகிறது.

பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடுகிறது. பித்த மயக்கம் என்று சொல்லி அவரைப் படுக்க வைக்கிறார்கள்.

அது பித்தம் அல்ல. பக்கவாதம் முன்கூட்டி அனுப்பிய ஓலையாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்கள் கழுத்தின் இரு பக்கமும் ஓடுகின்றன. உள்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்தால் வழி குறுகும். அங்கிருந்து ஒரு துணுக்கு மூளைக்குப் போய் அடைத்தால் கை, கால் விழுந்துவிடும்.

கழுத்தைக் கீறாமல் அந்தக் குறுகலைக் காண்பது எப்படி? அதற்கு உதவும் கருவிகளில் ஒன்று சி.டி. ஸ்கேன். அதற்குக் கணக்கு வகுத்தவர்களில் ஒருவர் தமிழர். அவர் மருத்துவர் அல்ல. அவர்தான் விஞ்ஞானி ஜி.என். ராமச்சந்திரன்.

கணக்கு வாத்தியார் மகன்

ராமச்சந்திரனின் முன்னோர் ஊர் திருநெல்வேலிச் சீமையில் உள்ள கோபாலசமுத்திரம். அவர் பிறந்தது எர்ணாகுளத்தில், 1922 அக்டோபர் 8-ந் தேதி. தந்தை நாராயண அய்யர் அங்கே கல்லூரியில் கணிதப் பேராசிரியர். மகனுக்குக் கணக்கில் ஆசை ஊட்டியவர் அவரே.

திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகம் படித்தார். 1942-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மின்சாரப் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். அங்கே இருந்த சர் சி.வி. ராமன் பையனின் கூர்மையைக் கண்டார். தம் பௌதிகத் துறைக்கே இழுத்துக்கொண்டார். பிறகு கேம்பிரிட்ஜ் சென்று டாக்டர் பட்டம் பெற்றார்.

1952-ல் சென்னைப் பல்கலைக்கழகம் அவரைப் பௌதிகத் துறைத் தலைவராக்கியது. அப்போது முப்பது வயதுகூட நிரம்பவில்லை!

மூன்று புரிக் கயிறு

தோல், எலும்பு, ரத்தக்குழாய்ச் சுவர் ஆகியவற்றுக்கு உறுதி தருவது கொலாஜன் என்ற புரதம். அதன் அமைப்பு அன்று புதிராக இருந்தது. கங்காரு வாலின் நாணை எக்ஸ்ரே கதிரில் வைத்து ஆராய்ந்தார் ராமச்சந்திரன். மூன்று இழைகள் கயிறுபோல் முறுக்கிக்கொண்டிருப்பதாக, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-ல் உலகுக்குச் சொன்னார்.

நிழலிலிருந்து உருவம்

1971-ல் அவர் கவனம் வேறு பக்கம் திரும்பியது.

பலாப்பழத்தை வெட்டாமல் உள்ளே சுளை எங்கே, கொட்டை எங்கே என்று சொல்ல முடியுமா? ஒரு எக்ஸ்ரே படம் வெறும் நிழல். முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் அதில் ஒன்றாகக் கலந்துவிடும். சுற்றிலும் பல நிழல்கள் எடுத்தால், கணக்குப் போட்டு உள்ளுருவத்தை மீட்கலாம். ஆனால் நிழல்களை அப்படியே ஒன்றின்மேல் ஒன்று சேர்த்தால் உருவம் மங்கிப்போகும். மங்காமல் செய்யத் தெரிந்த வழியோ சுற்றுவழி.

ராமச்சந்திரனும் ஏ.வி. லட்சுமிநாராயணனும் எளிய வழி சொன்னார்கள். ஒவ்வொரு நிழலையும் முதலில் திருத்திக்கொண்டு, பிறகு சேர்க்கவேண்டும். அவ்வளவுதான்! வேலை குறைந்தது; படம் தெளிந்தது.

அந்தக் கட்டுரை 1971 செப்டம்பரில் அமெரிக்காவில் வெளியாயிற்று. அடுத்த மாதம் முதல் தேதியே லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிக்கு முதல் சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. அந்தக் கருவி வேறு கணக்கில் ஓடியது. பின்னால் வந்த கருவிகளோ நிழலைத் திருத்திச் சேர்க்கும் முறைக்கு மாறின. 1979-ல் சி.டி.க்கு நோபல் பரிசு கிடைத்தபோது அது ஹவுன்ஸ்ஃபீல்டு, கார்மாக் இருவருக்கும் போயிற்று.

நான்கு கண்கள்

இன்று கழுத்துக் குழாயைப் பார்க்க நான்கு வழிகள் உண்டு.

முதலாவது டாப்ளர் ஸ்கேன். ஒலி அலையால் ரத்தத்தின் வேகத்தை அளப்பது. ஊசி இல்லை, கதிர் இல்லை, செலவு குறைவு. ஆனால் பார்ப்பவரின் கைத்திறமை முக்கியம். சுண்ணாம்புப் படிவு மறைக்கும்.

இரண்டாவது சி.டி. கை நரம்பில் மருந்து ஏற்றி எடுப்பது. நொடிகளில் முடியும். கதிர் உண்டு, சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கவனம் தேவை.

மூன்றாவது எம்.ஆர். காந்தம் கொண்டு எடுப்பது. எக்ஸ்ரே கதிர் இல்லை. நேரம் பிடிக்கும். சில சமயம் குறுகலைக் கூட்டிக் காட்டிவிடும்.

நான்காவது, போர்ச்சுக்கல் நாட்டு டாக்டர் ஈகாஸ் மோனிஸ் 1927-ல் தொடங்கிய ஆஞ்சியோகிராம். ரத்தக்குழாய்க்குள்ளேயே மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுப்பது. மற்றவற்றுக்கு உரைகல் இதுவே. ஆனால் அதனாலேயே பக்கவாதம் வரும் சிறு ஆபத்தும் உண்டு.

அடையாளம் கண்டவர்களுக்கு 70 சதவிகிதத்துக்கு மேல் குறுகியிருந்தால் ஆபரேஷன் நல்ல பலன் தரும் என்று 1991-ல் ஒரு பெரிய ஆராய்ச்சி காட்டியது. கூட்டிக் காட்டினால் வேண்டாத கத்தி. குறைத்துக் காட்டினால் வரப்போகும் ஆபத்து. ஆகவே டாப்ளரில் தொடங்கி, சந்தேகம் தீர இன்னொரு முறையிலும் பார்க்கிறார்கள்.

ராமச்சந்திரன் 2001 ஏப்ரல் 7-ந் தேதி சென்னையில் காலமானார். குழாய்ச் சுவரில் உள்ள கயிற்றின் முறுக்கைக் கண்டவர் அவர். அந்தக் குழாயின் படம் தெளியக் கணக்குச் சொன்னவரும் அவரே.

சோறு நழுவிய பெரியவரை அன்றைக்கே அழைத்துப்போனால்தான் அந்தக் கணக்கு அவருக்கு உதவும்.