அலமாரியில் தூங்கிய கச்சேரி

கல்யாண ஊர்வலத்தில் பாண்டு வாத்தியம் வரும். அதில் கன்னங்கரேலென்று ஒரு குழல் இருக்கும். பார்த்தால் நாதசுரத்துக்குத் தம்பி போலத் தோன்றும். அதுதான் கிளாரினெட். வடக்கே கனகசெட்டிக்குளம் முதல் தெற்கே பாகூர் வரை, புதுச்சேரி வட்டாரத்தில் அதைக் கேட்காத காது இராது.

அந்தக் குழலை வாசித்தே உலகப் புகழ் பெற்றவர் பென்னி குட்மன்.

1909-ம் ஆண்டு மே 30-ந்தேதி அமெரிக்காவில் சிகாகோ நகரில் பிறந்தார். தகப்பனார் டேவிட், பிழைப்புத் தேடி ரஷ்யப் பேரரசிலிருந்து வந்த யூதர். தையல் தொழிலாளி. இறைச்சிக் கொட்டடியில் கொழுப்பு அள்ளும் வேலையும் பார்த்தார். வீட்டில் 12 குழந்தைகள். பென்னி ஒன்பதாவது.

பொடியனுக்குக் குழல்

யூதர் கோவிலில் பிள்ளைகளுக்கு வாத்தியம் கற்றுத் தருவதாகத் தகப்பனார் கேள்விப்பட்டார். மூன்று பையன்களை அழைத்துப் போனார். ஆள் அளவைப் பார்த்து வாத்தியம் கொடுத்தார்கள். பெரியவன் ஹாரிக்குப் பெரிய ட்யூபா. அடுத்தவன் பிரெடிக்கு ட்ரம்பெட். பொடியன் பென்னிக்குக் கிளாரினெட். அவனுக்கு அப்போது வயது 10.

12 வயதில் மேடை ஏறினான். அந்நாளில் பேர்போன கிளாரினெட்காரர் டெட் லூயிஸ். அவரைப் போலவே வாசித்துக் காட்டினான். 16 வயதில் பெரிய இசைக்குழு ஒன்றில் சேர்ந்து சம்பாதித்தான்.

தகப்பனார் அப்போது பத்திரிகைக் கடை வைத்திருந்தார். கடையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கும்படி பிள்ளைகள் மன்றாடினார்கள். அவர் கேட்கவில்லை. 1926-ம் ஆண்டு டிசம்பரில், டிராம் வண்டியிலிருந்து இறங்கும்போது கார் மோதி இறந்தார். மகன் பேரும் பணமும் பெற்றதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

கார்னகி மண்டபம்

குட்மன் வாசித்தது ஜாஸ் இசை. அமெரிக்காவின் கறுப்பின மக்களிடையே பிறந்தது அது. நம் வித்வான்கள் கற்பனை ஸ்வரம் பாடுவதுபோல, அந்த இடத்திலேயே கற்பனை செய்து வாசிப்பார்கள்.

1935-க்குப் பிறகு அவர் புகழ் ஓங்கியது. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் வாசிப்பது அரிதாக இருந்த காலம். டெடி வில்சன், லயனல் ஹாம்ப்டன் என்ற கறுப்பினக் கலைஞர்களைத் தம் குழுவில் சேர்த்து மேடையேற்றினார். அந்தத் துணிவு அவருக்கு இருந்தது.

1938 ஜனவரி 16, ஞாயிறு இரவு. நியூயார்க் கார்னகி மண்டபத்தில் கச்சேரி. மேல்நாட்டுச் சாஸ்திரீய சங்கீதத்துக்குப் பேர்போன மண்டபம் அது. டிக்கெட் அத்தனையும் விற்றுப்போய், மேடையிலும் நாற்காலி போட்டார்கள்.

வேறொருவராக இருந்தால் தம் பெருமையை மட்டும் காட்டியிருப்பார். குட்மன் முன்னோர்களை நினைத்தார். 20 ஆண்டு ஜாஸ் வரலாற்றை வாசித்துக் காட்ட ஒரு பகுதியை ஒதுக்கினார். 1917-ல் முதல் ஜாஸ் இசைத்தட்டைக் கொடுத்த குழுவின் பாணி வந்தது. 28 வயதிலேயே மாண்டுபோன பிக்ஸ் பைடர்பெக்கின் பாணி வந்தது. பிறகு லூயி ஆம்ஸ்ட்ராங். அப்புறம் டியூக் எலிங்டன். இதற்கு எலிங்டன் குழுவின் ஆட்களே வந்து வாசித்தார்கள். நடுவில் டெட் லூயிசும் உண்டு. 12 வயதில் செய்து காட்டியதை 28 வயதில் குட்மன் மறுபடி செய்து காட்டினார்!

ஒரே மைக்

மேடைக்கு மேலே ஒரு மைக் தொங்கியது. குட்மன் குழுவில் முன்பு பாடியவர் ஹெலன் வார்டு. அவருக்குப் பரிசளிக்க, கணவர் ஆல்பர்ட் மார்க்ஸ் கச்சேரியைத் தட்டுகளில் பதிவு செய்தார். குட்மனுக்கும் ஒரு பிரதி கிடைத்தது. அது அவர் வீட்டு அலமாரியில் 12 ஆண்டு தூங்கியது!

1950-ல் அவருடைய மைத்துனி கண்ணில் பட்டது. அதே ஆண்டு கொலம்பியா கம்பெனி இரட்டை இசைத்தட்டாக வெளியிட்டது. பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

குட்மன் 1986 ஜூன் 13-ந்தேதி நியூயார்க்கில் மாரடைப்பால் காலமானார். வயது 77. அந்தப் பழைய பதிவைச் செப்பனிட்டு 1999-ல் மறுபடி வெளியிட்டார்கள். அன்றைய கைதட்டலும் அதில் கேட்கிறது.