கே. வி. சுப்பிரமணிய ஐயர்

கே. வி. சுப்பிரமணிய ஐயர் தமிழகக் கல்வெட்டியலாளர்களுள் குறிப்பிடத்தக்கவர் ஆவார். இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவில் பணியாற்றிய இவர், தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் 6, 7, 8 ஆம் தொகுதிகளைப் பதிப்பித்தார். 1917 இல் பண்டைய தக்காணத்தின் வரலாறு பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார்.

எனினும் இவரது பெயர் நிலைத்தது குகைக் கல்வெட்டுகளால்தான். மதுரைக்கு அருகே மாங்குளத்தில் 1882 இல் ராபர்ட் சீவெல் கண்டறிந்தவை உள்ளிட்ட இக்கல்வெட்டுகள் பிராமி எழுத்தில் அமைந்தவை. ஆதலால் அவற்றின் மொழி பாளி அல்லது பிராகிருதம் என்றே பெரும்பாலும் கருதப்பட்டது. அவ்வாறு கொண்டு படித்தபோது பல சொற்கள் பொருள்படவில்லை. 1924 இல் சென்னையில் நடைபெற்ற அனைத்திந்தியக் கீழைத்தேயவியல் மாநாட்டில் சுப்பிரமணிய ஐயர் மாற்று விளக்கம் அளித்தார். ழ, ள, ற, ன ஆகிய ஒலிகளுக்குத் தனி வடிவங்கள் உள்ளதையும், வடமொழி வர்க்க எழுத்துகள் மிக அரிதாகவே வருவதையும் சுட்டி, 'தம்மம்' போன்ற கடன்சொற்கள் கலந்திருப்பினும் மொழி தமிழே என்றார். இவ்வழியில் நோக்கினால், மாங்குளம், கீழவளவு கல்வெட்டுகளில் வரும் 'பளி', ஒற்று இரட்டிக்காது எழுதப்பட்ட 'பள்ளி', அதாவது துறவியர் உறைவிடம் என்பது விளங்கும்.

அகர, ஆகாரக் குறியீட்டுச் சிக்கல் அப்போது தீரவில்லை. அதனை ஐராவதம் மகாதேவன் 1960களில் தெளிவுபடுத்தினார்.