சௌமியமூர்த்தி தொண்டமான்: உறவுகளால் உயர்ந்த தலைமையும் மலையகம் கொடுத்த விலையும்

வலப்பனை, இராகலை, உடப்புசல்லாவை தோட்டங்களில் தேர்தல் வந்தால், வேட்பாளர் என்ன செய்தார் என்பதற்கு முன் அவர் யாருடைய பிள்ளை என்று கேட்கும் பழக்கம் உண்டு. இந்தப் பழக்கத்தின் வேர் சௌமியமூர்த்தி தொண்டமானின் வாழ்க்கையில் இருக்கிறது.

1913இல் தமிழகத்தின் இராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்த அவர், 1924இல் இறம்பொடைக்கு வந்தார். தந்தை கருப்பையா கூலியாக வந்து கங்காணியாகி, வேவண்டன் தோட்டத்துக்கே உரிமையாளரானவர். லயன் அறையில் பிறந்தவர்களுக்குக் கிடைக்காத கல்வியும் அறிமுகங்களும் மகனுக்குக் கிடைத்தன. 1939இல் நேருவின் வருகையோடு இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவானபோது கம்பளைக் கிளையின் தலைமை அவரிடம் வந்தது. 1945இல் முழு அமைப்புக்கும் தலைவரானார். 1947இல் நுவரெலியாவில் வென்றார்.

அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. வாக்குரிமையும் பறிபோனது. மக்களிடம் வாக்கு இல்லாத காலத்தில் தலைவரின் பலம் இரண்டே: தோட்டத் தொழிலாளரின் சந்தா, கொழும்பில் அவருக்கிருந்த தொடர்புகள். 1960இலும் 1965இலும் அவர் நியமன உறுப்பினராகவே நாடாளுமன்றம் சென்றார்.

செல்வநாயகம், ஜி.ஜி. பொன்னம்பலம் ஆகியோருடன் தமிழர் கூட்டணியின் தலைமையிலும் இருந்தார். ஆனால் தனிநாட்டுக் கோரிக்கை மலையகத்துக்குப் பொருந்தாது என விலகி நின்றார். 1977இல் நுவரெலியா - மஸ்கெலியா தொகுதியின் மூன்றாவது உறுப்பினராகத் தெரிவானார். முதல் இருவர் காமினி திசாநாயக்கவும், இரு பிரதமர்களின் மகனான அநுர பண்டாரநாயக்கவும். அதே ஆண்டு வன்செயலால் தோட்டங்களை விட்டு வன்னிக்குச் சென்ற குடும்பங்கள் பின்னாளில் போரின் சுமையையும் சுமந்தன. 1978இல் தொண்டமான் ஜே.ஆர். அமைச்சரவையில் சேர்ந்தார்.

அந்த நெருக்கத்தால் பலன் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1986இன் பிரார்த்தனை இயக்கமும் அமைச்சரவைப் பேரமும் சேர்ந்தே, 1988 அளவில் நாடற்றோர் பிரச்சினையைப் பெருமளவு தீர்த்தன.

ஆனால் அவர் கட்டிய ஏணியின் மேற்படி வீட்டுக்குள்ளேயே இருந்தது. பேரன் ஆறுமுகன் 1994இல் நாடாளுமன்றம் சென்றார். தாத்தாவுக்குப் பின் தலைமையும் அவருடையதானது. 2020இல் ஆறுமுகன் மறைந்ததும் மகன் ஜீவன் வந்தார். மாவட்டம் முழுவதும் விருப்பு வாக்குத் திரட்டும் முறையில், தெரிந்த பெயரே பாதி வெற்றி. தோட்டத்தில் சந்தா திரட்டி, வேலைநிறுத்தத்தை நடத்திய தோட்டத் தலைவருக்கு அந்தப் பெயர் இல்லை.

தொண்டமான் 1999 ஒக்டோபர் 30இல் காலமானார். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானதும் இதே நாளில்தான். மக்களைக் கேட்காமல் மக்களின் விதியை முடிவு செய்த ஒப்பந்தம் அது. குடியுரிமை திரும்பிவிட்டது. தலைவரைத் தாமே உருவாக்கும் உரிமை மட்டும் லயன்களுக்கு இன்னும் வந்துசேரவில்லை.