கோஷா ஆஸ்பத்திரிக்கு வந்த லூசி வில்ஸ்: கர்ப்பிணிகளின் சத்து மாத்திரைக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை

திருவண்ணாமலை, வந்தவாசி, ஆரணி, செய்யாறு என்று எந்த ஊராக இருந்தாலும், நம் வீட்டில் ஒரு பெண் மாசமாக இருக்கிறாள் என்று தெரிந்ததும் அரசு சுகாதார நிலையத்தில் பெயர் பதிவு செய்கிறோம். சில மாதங்களில் செவிலியர் ஒரு அட்டை மாத்திரையைக் கையில் தருகிறார். சிவப்பு நிறத்தில் சிறிய மாத்திரை. இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்தது. பல வீடுகளில் அது முழுதாகச் சாப்பிடப்படுகிறது. சில வீடுகளில் குமட்டுகிறது, மலம் கறுக்கிறது என்று சொல்லி அலமாரியில் ஒதுக்கி வைக்கப்படுகிறது.

அந்த மாத்திரையில் உள்ள ஃபோலிக் அமிலத்தின் கதை நம் சமுதாயப் பெண்களின் கதையும் கூட. சுமார் 95 ஆண்டுகளுக்கு முன்பு, பம்பாயின் ஏழை முஸ்லிம் பெண்கள் கர்ப்ப காலத்தில் ஏன் இரத்தம் வற்றி இறக்கிறார்கள் என்று கேட்டு, விடை தேடிய ஒரு மருத்துவர் இருந்தார். அவர் பெயர் லூசி வில்ஸ். சென்னை திருவல்லிக்கேணியில் நம்மவர்கள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்று அழைக்கும் மருத்துவமனையிலும் அவர் பணி செய்திருக்கிறார். அவருடைய வாழ்க்கையை நம் குடும்பங்கள் அறிந்துகொள்வது நல்லது.

பட்டம் கிடைக்காத படிப்பு

லூசி வில்ஸ் 1888 மே 10 அன்று இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகருக்கு அருகே சட்டன் கோல்ட்ஃபீல்டு என்ற ஊரில் பிறந்தார். அரிவாள் போன்ற வெட்டுக்கருவிகள் செய்து விற்ற குடும்பம். தந்தை அறிவியல் படித்தவர். பெண் பிள்ளைகளுக்கும் நல்ல கல்வி வேண்டும் என்று நினைத்த வீடு அது.

1907ல் கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் கல்லூரியில் சேர்ந்து தாவரவியலும் நிலவியலும் படித்தார். 1911ல் தேர்வில் தேறினார். ஆனால் பட்டம் கிடைக்கவில்லை. பெண்கள் தேர்வு எழுதலாம், பட்டம் பெற முடியாது என்பதே அன்றைய கேம்பிரிட்ஜின் விதி. அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப் பட்டம் வழங்கத் தொடங்கியது 1948ல்தான்.

அதே 1911ல் தந்தை இறந்தார். 1913ல் அக்காவும் இறந்தார். அந்த ஆண்டு லூசி இலங்கைக்கு வந்து போனார். 1914ல் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது முதல் உலகப் போர் வெடித்தது. கேப்டவுனில் ஒரு மருத்துவமனையில் தொண்டராக நோயாளிகளைக் கவனித்தார். அதன் பிறகே மருத்துவம் படிக்க முடிவு செய்தார்.

1915ல் லண்டன் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1920ல் மருத்துவரானார். அப்போது வயது 32. தனியாக கிளினிக் வைத்துச் சம்பாதிக்க அவர் விரும்பவில்லை. ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் கர்ப்பிணிகளின் உடலில் நிகழும் மாற்றங்களை ஆராயும் பிரிவில் சேர்ந்தார்.

பம்பாயில் கண்ட நோய்

அந்தக் காலத்தில் இந்தியாவில் மகப்பேற்றின்போது இறக்கும் தாய்மார்கள் ஏராளம். அந்த இறப்புகளின் காரணங்களை விசாரித்து வந்தவர்களில் ஒருவர் டாக்டர் மார்கரெட் பால்ஃபோர். அவருடைய அழைப்பின் பேரில் 1928ல் லூசி வில்ஸ் பம்பாய் வந்து, ஹாஃப்கின் ஆய்வு நிலையத்தில் பணியைத் தொடங்கினார்.

அவர் ஆராய வந்தது ஒரு வகை இரத்தசோகை. நெசவாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களிடம் அது கடுமையாக இருந்தது. கர்ப்பத்தின் பிற்பகுதியில் முகம் வெளுக்கும், உடல் சோரும், மூச்சு வாங்கும். முற்றிவிட்டால் தாயும் இறப்பாள், குழந்தையும் தங்காது. இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும் அளவில் வழக்கத்தைவிடப் பெருத்தும் இருந்தன. இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையில் அணுக்கள் சிறுத்துப்போகும். ஆகவே இது வேறு நோய் என்பது தெளிவு. கிருமி ஏதும் காரணமா என்றும் தேடிப் பார்த்தார். அதற்கான சான்று கிடைக்கவில்லை.

பிறகு அவர் நோயாளிகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். பம்பாயின் வெவ்வேறு பிரிவுப் பெண்களின் உணவையும், அவர்களில் யாருக்கு இந்த நோய் வருகிறது என்பதையும் ஒப்பிட்டார். அவர் கண்ட முடிவு நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டும். மிகவும் சத்துக் குறைந்த உணவை உண்டவர்கள் ஏழை முஸ்லிம் பெண்கள். இந்த நோய்க்கு அதிகம் ஆளானவர்களும் அவர்களே.

இதற்கு மார்க்கம் காரணமல்ல. தட்டில் என்ன இருந்தது, என்ன இல்லை என்பதே காரணம். அதை ஊகமாகச் சொல்லிவிட்டு அவர் நிற்கவில்லை, சோதித்துப் பார்த்தார்.

குன்னூரிலும் சென்னையிலும்

1929 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நீலகிரி மலையில், குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் தங்கினார். சத்துணவு ஆராய்ச்சியில் பெயர்பெற்ற ராபர்ட் மக்காரிசன் அங்கே இருந்தார். பம்பாயின் முஸ்லிம் பெண்கள் சாப்பிட்ட அதே வகை உணவை லூசி வெள்ளை எலிகளுக்குக் கொடுத்தார். சினை எலிகளுக்கு இரத்தசோகை வந்தது. பல எலிகள் குட்டி போடுமுன்பே இறந்தன. உணவில் ஈஸ்ட் சேர்த்தபோது எலிகளுக்குச் சோகை வராமல் தடுக்க முடிந்தது. ஆனால் எலிகளின் மேல் இருந்த பேன்கள் பரப்பிய வேறொரு தொற்றும் இரத்தசோகையை உண்டாக்கும் என்பதால் அந்தச் சோதனையை மட்டும் முழுதாக நம்ப முடியவில்லை. எனவே பின்னர் குரங்குகளிடமும் ஆராய்ந்தார்.

1931 தொடக்கத்தில் அவர் சென்னையில் இருந்தார். கோஷா ஆஸ்பத்திரி என்ற பெயரிலேயே அதன் வரலாறு இருக்கிறது. ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கிய பெண்களுக்காக, பர்தா முறையைப் பேணிய முஸ்லிம் பெண்களையும் மனதில் வைத்து, பெண் மருத்துவர்களே பார்க்கும் மருத்துவமனையாக 1885ல் அது தொடங்கப்பட்டது. இன்று அது அரசு கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. பெயர் மாறினாலும் கோஷா ஆஸ்பத்திரியில் பிறந்தேன் என்று சொல்லும் பெரியவர்கள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். கூச்சத்தாலும் வழக்கத்தாலும் வீட்டுக்குள்ளேயே இறந்துபோயிருக்கக்கூடிய பெண்கள் அங்கே வந்ததால்தான் அவர்களுக்கு மருத்துவம் கிடைத்தது, மருத்துவ அறிவும் வளர்ந்தது.

ஈஸ்ட் தந்த விடை

அந்நாளில் கொடிய இரத்தசோகைக்கு ஈரல் கொடுத்துக் குணப்படுத்தும் முறை அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. ஆனால் ஈரல் சாறு விலை அதிகம். ஆலைத் தொழிலாளியின் மனைவிக்கு அது எட்டாது. ஈஸ்ட்டிலிருந்து எடுக்கப்படும் மார்மைட் என்ற மலிவான சாற்றை லூசி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சில நாட்களிலேயே அவர்களின் இரத்தத்தில் புதிய சிவப்பணுக்கள் பெருகத் தொடங்கின. சாவின் விளிம்பில் இருந்த பெண்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். 1931ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதை வெளியிட்டார்.

ஈஸ்ட்டில் இருக்கும் எந்தப் பொருள் குணப்படுத்துகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. அதற்கு வில்ஸ் காரணி என்று பெயர் வந்தது. பிறகு அவர் இன்னொன்றையும் காட்டினார். நன்கு சுத்திகரித்த ஈரல் சாறு இந்தக் கர்ப்பிணிகளைக் குணப்படுத்தவில்லை, சுத்திகரிக்காத சாறு குணப்படுத்தியது. அப்படியானால் சுத்திகரிப்பில் நீங்கிவிடும் ஏதோ ஒரு சத்துதான் இவர்களுக்குத் தேவை. ஈரலில் உள்ள மற்றொரு சத்து, இன்று நாம் பி12 என்று சொல்வது, 1948ல் பிரித்தெடுக்கப்பட்டது. இரண்டும் வெவ்வேறு என்ற பாதையை முன்பே திறந்தவர் லூசி.

1941ல் அமெரிக்க ஆய்வாளர்கள் நான்கு டன் பசலை வகைக் கீரையிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். 1945ல் அதை ஆய்வுக்கூடத்திலேயே தயாரித்தது லெடர்லே நிறுவனத்தின் குழு. அந்த ஆராய்ச்சியை வழிநடத்தியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லப்பிரகடா சுப்பாராவ். லூசியின் நோயாளிகளைக் காப்பாற்றியது இந்த வகைச் சத்துதான் என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

கருவுக்கு ஏன் தேவை

நம் உடலில் ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் அதன் மரபுப்பொருளும் இரண்டாக வேண்டும். அதற்கு ஃபோலேட் தேவை. கருவில் செல்கள் மிக வேகமாகப் பெருகுகின்றன. தாயின் இரத்தமும் பெருக வேண்டும். அப்போது ஃபோலேட் போதாவிட்டால் தாய்க்குச் சோகை வருகிறது.

கரு உருவாகும்போதே இன்னொரு ஆபத்தும் உண்டு. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் கருத்தரித்த சுமார் 28 நாட்களுக்குள் மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் முதுகெலும்புப் பிளவு போன்ற குறைகளோடு குழந்தை பிறக்கும். முன்பு இத்தகைய குழந்தையைப் பெற்ற தாய்மாரிடம் ஏழு நாடுகளில் நடந்த ஒரு ஆய்வு 1991ல் வெளியானது. கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் சாப்பிட்டவர்களுக்கு இந்தக் குறை மீண்டும் வரும் வாய்ப்பு 72 சதவீதம் குறைந்தது.

28 நாள் என்பது பல பெண்களுக்குத் தாங்கள் கருவுற்றதே தெரியாத காலம். அதனால்தான் திருமணமாகிக் குழந்தையை எதிர்பார்க்கும் பெண்கள் முன்பே ஃபோலிக் அமிலம் எடுக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். சர்க்கரை நோய் உள்ள பெண்களின் குழந்தைக்கு இந்தக் குறை வரும் வாய்ப்பு கூடுதல். அவர்கள் கருத்தரிக்கும் முன்பே மருத்துவரைப் பார்த்து, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, தங்களுக்குரிய அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இறுதிக் காலம்

லூசி வில்ஸ் 1933ல் லண்டன் திரும்பினார். 1937 இறுதியில் சில வாரங்கள் மீண்டும் பம்பாய் வந்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மருத்துவமனைப் பணியில் இருந்தபடியே, கர்ப்பிணிகளுக்கு வழக்கமாக இரும்புச்சத்து கொடுத்தால் இரத்த அளவு எப்படி மாறுகிறது என்றும் ஆராய்ந்தார். இன்று நம் பெண்களுக்குத் தரப்படும் மாத்திரையில் இருக்கும் இரண்டு சத்துகளோடும் இப்படி அவர் பெயர் சேர்ந்திருக்கிறது.

1947ல் ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. ஜமைக்கா, ஃபிஜி, தென்னாப்பிரிக்கா என்று பயணம் செய்து சத்துணவையும் இரத்தசோகையையும் ஆராய்ந்தார். லண்டன் செல்சியில் தொழிற்கட்சியின் உள்ளாட்சி உறுப்பினராகப் பத்தாண்டு இருந்தார். மணம் செய்துகொள்ளவில்லை. 1964 ஏப்ரல் 16 அன்று காலமானார். ஃபோலிக் அமிலம் கருவின் தண்டுவடத்தைக் காக்கும் என்று நிரூபணமானதை அவர் பார்க்கவில்லை.

நமக்கு மிச்சமிருக்கும் வேலை

காரணமும் மருந்தும் தெரிந்து இத்தனை காலம் ஆகியும், தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று (2019–21) இந்தியாவில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருப்பதாகக் கூறுகிறது. மருந்து இலவசம். அது வாய்க்குப் போவது வீட்டில் உள்ளவர்களின் கையில்தான் இருக்கிறது.

அரசுத் திட்டப்படி நான்காம் மாதத்திலிருந்து 180 நாளும், குழந்தை பிறந்த பின் 180 நாளும் தினம் ஒரு மாத்திரை. மலம் கறுப்பது இரும்புச்சத்தால்தான், அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. குமட்டினால் எந்த வேளையில் சாப்பிடலாம் என்று செவிலியரிடம் கேட்கலாம். தேநீரோடு மட்டும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது, இரும்புச்சத்து உடலில் சேராது. ரமலானில் நோன்பு வைக்கிறாளோ இல்லையோ, மாத்திரை நிற்கக் கூடாது. இஃப்தாருக்குப் பின் எடுத்துக்கொள்ளலாம். கர்ப்பிணிக்கு நோன்பைத் தள்ளிவைக்கும் சலுகை மார்க்கத்திலேயே இருப்பதையும் மாமியார்கள் நினைவில் வைக்க வேண்டும்.

அதோடு, அவள் தட்டையும் பார்க்க வேண்டும். விருந்தாளிகளும் ஆண்களும் சாப்பிட்ட பின் மிச்சத்தை மருமகள் சாப்பிடும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. கீரை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, காய்கறி, பழம் ஆகியவை விலை உயர்ந்தவை அல்ல. கீரையை அதிக நேரம் வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் ஃபோலேட்டும் போய்விடும்.

பம்பாயின் ஏழை முஸ்லிம் பெண்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று கடல் கடந்து வந்த ஒருவர் அக்கறையோடு கேட்டார். அதே கேள்வியை நம் வீட்டு மருமகளிடமும் மகளிடமும் தினமும் கேட்பது நம் பொறுப்பு.