டொலர் தாளில் மூடிய வாய்

ஞானப்பல் முளைத்து முரசு வீங்கியபோது நான் செட்டிகுளம் முகாமில் இருந்தேன். 2009ஆம் ஆண்டு. உப்புத் தண்ணீரில் கொப்பளித்தும் கராம்பைக் கடித்தும் நாட்களைக் கடத்தினேன். உயிர் தப்பியதே பெரிது, பல்லுக்கு யார் அழுவது என்று நினைத்தேன். ஆண்டுகள் கழித்துப் பல் வைத்தியரிடம் போனபோது பக்கத்துப் பல்லும் பழுதாகியிருந்தது. இரண்டையும் பிடுங்கினார்கள். அந்த நாட்களில்தான் ஜோர்ஜ் வாஷிங்டனின் வாழ்க்கையை வாசித்தேன்.

1732இல் வேர்ஜீனியாவில் தோட்ட உரிமையாளர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். தினமும் பல் துலக்கும் பழக்கம் உள்ளவர். ஆனாலும் 24 வயதில் முதற்பல்லைப் பிடுங்கவேண்டி வந்தது. பிறகு பல்வலியும் முரசு வீக்கமும் விடவேயில்லை. பிரித்தானியருக்கு எதிரான போரைத் தளபதியாக நடத்தியபோதும் அந்த வலி கூடவே இருந்தது. 1781இல் பல் சுத்தம் செய்யும் கருவிகள் கேட்டுத் தன் பல் வைத்தியருக்கு எழுதிய கடிதம் எதிரியின் கையில் சிக்கியது. 1789இல் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியாகப் பதவியேற்றபோது அவரிடம் எஞ்சியிருந்தது ஒரேயொரு சொந்தப் பல்.

அவர் மரப்பல் கட்டியிருந்தார் என்பது கட்டுக்கதை. நீர்யானைத் தந்தம், மனிதப் பல், ஈயம், சுருள்வில் எல்லாம் சேர்த்துச் செய்த கட்டுப்பற்கள் அவை. அவை உதட்டை வெளியே தள்ளின. 1796இல் கில்பேர்ட் ஸ்டுவர்ட் வரைந்த அந்த முகம்தான் இன்றும் ஒரு டொலர் தாளில் வாயை இறுக மூடியபடி இருக்கிறது.

என்னை உறுத்தியது வேறொன்று. 1784ஆம் ஆண்டுக் கணக்கேட்டில், கறுப்பின மக்களிடமிருந்து ஒன்பது பற்கள் வாங்கப் பணம் கொடுத்த பதிவு உண்டு. அவரது மவுண்ட் வேர்ணன் தோட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் அடிமைகளாக இருந்தார்கள். அடிமையாக இருப்பவர் எசமானிடம் எப்படி மறுப்பது? தலைவரின் பல்வலி வரலாறாயிற்று. பல்லைக் கொடுத்தவர்களின் பெயர்கூட அந்தப் பதிவில் இல்லை. பெயரில்லாமல் போன வலி எங்களுக்கும் புதிதல்ல.

1799 டிசெம்பரில், 67 வயதில் அவர் இறந்தார்.

அவருக்குக் கிடைக்காத மருத்துவம் இன்று எங்கள் அரச வைத்தியசாலைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. எல்லா ஞானப்பல்லையும் பிடுங்கத் தேவையில்லை. நேராக முளைத்து, சுத்தமாக வைத்திருக்க முடிந்தால் விட்டுவிடலாம். சரிந்து முளைத்து, மேலே மூடிய முரசுக்குள் சாப்பாடு தங்கி வீங்கினால் காட்டுங்கள். வாய் திறக்க முடியாமலோ காய்ச்சலோ வந்தால் அன்றைக்கே போங்கள். துலக்கும்போது இரத்தம் வருகிறதென்று துலக்குவதை நிறுத்தாதீர்கள். அழுக்குப் படிந்து முரசு நோகிறது என்பதற்குப் பெரும்பாலும் அதுதான் அடையாளம்.

போர் முடிந்தும் நான் என் வலியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். நீங்கள் தள்ளிப்போடாதீர்கள்.