வைரத்தை ஆராய்ந்த சர் சி. வி. இராமன்

ஒளிச்சிதறலை ஆராய்ந்து நோபல் பரிசு பெற்றவர் என்ற அளவில் சர் சி. வி. இராமனை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். அப்பெரியார் தம் வாழ்நாளின் பிற்பகுதியில் பேரார்வத்தோடு ஆராய்ந்த பொருள் வைரம். அவ்வாராய்ச்சியில் அவர் கண்ட வெற்றியையும் தோல்வியையும் அறிந்தவர் சிலரே. அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் சந்திரசேகர ஐயருக்கும் பார்வதி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். தந்தையார் விசாகப்பட்டினத்துக் கல்லூரியொன்றில் ஆசிரியப் பணி ஏற்றமையால், தமிழ் வழங்கும் நிலத்தைக் குழந்தைப் பருவத்திலேயே பிரிய நேர்ந்தது. பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1904இல் பி.ஏ. பட்டமும் 1907இல் எம்.ஏ. பட்டமும் பெற்றார். அவ்வாண்டே லோகசுந்தரி அம்மையாரை மணந்து, நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா சென்றார். அப்போது அவருக்கு வயது 18.

பகலில் அரசாங்கக் கணக்கு. காலையிலும் இரவிலும் பௌபஜார் தெருவிலிருந்த விஞ்ஞானக் கழகத்தில் ஆராய்ச்சி. இடையே இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றலானார். மாற்றல் உத்தரவு என்பது நம்மவர் பலருக்கும் பழகிய ஒன்றே. ஆயினும் சென்ற இடமெல்லாம் தம் ஆராய்ச்சியை உடன் கொண்டு சென்றார் இராமன். 1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. ஊதியம் குறைவென்று அறிந்தும் உயர்பதவியைத் துறந்து அப்பணியை ஏற்றார்.

1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள், மாணவர் கே. எஸ். கிருஷ்ணனின் துணையோடு செய்து வந்த ஆராய்ச்சி கனிந்தது. ஒரே நிறமுள்ள ஒளியை ஒரு பொருளின்மீது செலுத்தினால், சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வெளிவருகிறது. அந்த மாற்றத்தின் அளவு, அப்பொருளின் அணுக்கள் எவ்வளவு விரைவாக அதிர்கின்றன என்பதைக் காட்டுகிறது. 1930இல் நோபல் பரிசு கிடைத்தது. விஞ்ஞானத்திற்காக அப்பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவரே.

அதே 1930ஆம் ஆண்டில் சி. ராமசாமி என்பார் வைரத்தை இம்முறையில் ஆராய்ந்தார். மற்றப் பொருள்கள் பல கோடுகளைக் காட்ட, வைரம் கூர்மையான ஒரே கோட்டைக் காட்டியது. சென்டிமீட்டருக்கு 1332 அலைகள் என்பது அதன் அளவு. இதன் காரணத்தை அறிய வைரத்தின் அமைப்பை அறிதல் வேண்டும்.

நம் பெண்மணிகள் அணியும் வைரத்தோடும், பிள்ளைகள் எழுதும் பென்சிலின் கிராஃபைட்டும் கார்பன் என்னும் ஒரே தனிமத்தால் ஆனவை. வைரத்தில் ஒவ்வொரு கார்பன் அணுவும் நான்கு புறமும் நான்கு அணுக்களோடு எலெக்ட்ரான்களைப் பகிர்ந்து பிணைந்துள்ளது. 1913இல் இதனை எக்ஸ் கதிர்களால் கண்டறிந்தவர் பிராக் என்னும் தந்தையும் மகனும் ஆவர். தொடக்கமும் முடிவும் இன்றி இப்பிணைப்பு தொடர்வதால், ஒரு வைரக்கல் முழுவதையும் ஒரே மாபெரும் மூலக்கூறு எனலாம். அதன் கடினத்திற்குக் காரணம் இதுவே. எல்லா எலெக்ட்ரான்களும் கட்டுண்டிருத்தலால் அது மின்சாரத்தைக் கடத்துவதில்லை. கிராஃபைட்டிலோ ஓர் அணு மூன்றோடு மட்டும் பிணைந்து தகடுகளாக அமைகிறது. தகடுகள் எளிதில் வழுக்குவதால் அது தாளில் எழுதுகிறது. எஞ்சிய எலெக்ட்ரான் உலவுவதால் மின்சாரம் பாய்கிறது. எடை குறைந்த அணுக்கள் வலிய பிணைப்பால் கட்டுண்டமையால் வைரத்தின் அதிர்வு மிக விரைவானது. அமைப்பு ஒழுங்கானமையால் கோடு ஒன்றே.

1933இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் தலைமையை ஏற்ற பின், இராமன் வைரத்தில் ஆழ்ந்தார். பன்னாச் சுரங்கத்து வைரங்களை ஆராய்ந்தார். நூற்றுக்கணக்கான கற்களைச் சேர்த்தார். அவர்தம் மாணவருள் ஆர். எஸ். கிருஷ்ணன் வைரத்தின் மங்கலான கோடுகளைப் படம் பிடித்தார், ஜி. என். இராமச்சந்திரன் எக்ஸ் கதிர்ப் படங்கள் எடுத்தார். அன்னா மணி என்ற பெண்மணி, ஒரு படத்திற்குப் பல மணி நேரம் காத்திருந்து, வைரங்களின் ஒளிர்வை ஆராய்ந்தார்.

ஆயினும் இங்கேதான் இராமன் வழி தவறினார். வைரங்களுக்கிடையே காணும் வேறுபாடுகளுக்கு அவற்றின் எலெக்ட்ரான் அமைப்பு நான்கு வகைப்படுவதே காரணம் என 1944இல் வாதிட்டார். இலண்டனில் கேத்லீன் லான்ஸ்டேல் அம்மையார் இதனை மறுத்தார். வைரத்தின் அதிர்வுகள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே என்றும் இராமன் கூறினார். எண்ணற்ற அதிர்வுகள் உண்டென்ற மாக்ஸ் பார்னின் கொள்கையை அவர் ஏற்கவில்லை. அந்தப் பார்னை 1935இல் பெங்களூருக்கு வரவழைத்துச் சிறப்பித்தவரும் அவரே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 1948இல் பார்னின் மாணவி ஹெலன் ஸ்மித், கிருஷ்ணன் எடுத்த படங்கள் பார்னின் கொள்கைக்கும் இணங்குவதைக் கணக்கிட்டுக் காட்டினார். வைரங்களின் வேறுபாட்டிற்குப் பெரும்பாலும் அவற்றுள் கலந்த நைட்ரஜனே காரணம் என்பது 1959இல் தெளிவாயிற்று. 1960களில் நியூட்ரான் சோதனைகளும் பார்னையே ஆதரித்தன. இராமனோ தம் கொள்கையை இறுதிவரை விடவில்லை. தனியே நின்று உழைக்கத் துணை செய்த அதே உறுதி, பிறர் சொல்லைக் கேளாமைக்கும் காரணமாயிற்று.

1954இல் பாரத ரத்னா விருது பெற்ற அவர், 1948இல் தாம் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்திலேயே உழைத்து, 1970ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் மறைந்தார். அவ்வளாகத்திலேயே அவருக்கு எரியூட்டினர். நினைவு மண்டபம் எழுப்பவில்லை. ஒரு மரம் நிற்கிறது.

அவர் மறைந்த அதே 1970இல், டூயின்ஸ்ட்ரா, கோனிக் என்னும் இருவர் லேசர் ஒளியைக் கொண்டு கிராஃபைட்டின் இராமன் கோடுகளை அளந்து வெளியிட்டனர். பின்னர்க் கார்பன் குடும்பம் பெருகியது. 60 அணுக்கள் பந்துபோல் சேர்ந்த மூலக்கூறு 1985இல் வெளிப்பட்டது. 1991இல் நானோ குழாய்கள் பற்றி இஜிமா எழுதினார். 2004இல் கிராஃபைட்டின் ஒற்றைத் தகடாகிய கிராஃபீனைக் கெய்மும் நோவோசெலோவும் பிரித்தனர். கையிலுள்ளது ஒரு தகடா, பல தகடுகளா என்பதையும், நானோ குழாயின் பருமனையும், ஒரு படலம் வைரந்தானா என்பதையும் இன்று ஆய்வுக்கூடங்கள் இராமன் விளைவைக் கொண்டே அறிகின்றன. 1332 என்னும் கோடு வைரத்தின் அடையாளமாக நிலைத்துவிட்டது.

வைரத்தைப் பற்றி இராமன் கொண்ட கொள்கை வீழ்ந்தது. வைரத்தை அறிய அவர் தந்த கருவியோ வாழ்கிறது. நம் இளைஞர்கள் அவருடைய உழைப்பைப் போற்றுக. அவர் தவறிய இடத்தையும் அறிந்து, சான்றுக்குத் தலைவணங்கும் பண்பையும் கற்றுக்கொள்க.